படி மூலத்தோடு ஒக்குமா?

நம் இல்லங்களின் பீரோக்களில், நிலப் பத்திரங்களுக்கும் நகைப் பெட்டிக்கும் அருகே, பிளாஸ்டிக் உறைக்குள் பளபளக்கும் வட்டத்தகடு ஒன்று உறங்குவதைக் காணாதார் இலர். மகளின் திருமணம், பேரனின் புதுநன்மை விழா, தாத்தாவின் மணிவிழா, இன்று நம்மிடையே இல்லாத பாட்டியின் குரல் ஆகிய அனைத்தும் அத்தகட்டினுள் பத்திரமாக இருப்பதாக நம்பி வாழ்கிறோம். 'சிடி' என்றும் 'டிவிடி' என்றும் நாம் வழங்கும் இக்குறுந்தகடுகளே, 1990-களின் இறுதி தொட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் தமிழகக் குடும்பங்களின் நினைவுப் பேழைகளாக விளங்கின.

அந்த நம்பிக்கை எதன்மீது நிற்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? "எழுதிக் கொடுத்துவிட்டோம்" என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். "எழுதுதல் வெற்றிகரமாக முடிந்தது" என்று கணிப்பொறியின் திரை அவரிடம் சொன்னது. இவ்விரு சொற்களுக்கும் மேலாக நம்மிடம் சான்று எதுவும் இல்லை. 'எழுதி முடித்தேன்' என்பது எழுதியவன் தரும் சாட்சி. 'எழுதியதைத் திரும்ப வாசித்தேன், மூலத்தோடு ஒப்பிட்டேன், ஓர் எழுத்தும் பிசகவில்லை' என்பது வேறு சாட்சி. முன்னதை மட்டும் நம்பி மூலத்தை அழித்துவிடுகிறவர்களே பின்னாளில் கலங்குகிறார்கள்.

நாம் வாழும் நாகரசம்பட்டிப் பகுதியிலும், அடுத்துள்ள காவேரிப்பட்டணம், பர்கூர், கிருஷ்ணகிரி ஊர்களிலும் நடப்பது யாது? திருமணம் முடிந்து சில மாதங்களில் தகடு கைக்கு வருகிறது. ஸ்டுடியோவின் கணிப்பொறியில் அடுத்தடுத்த விழாக்களுக்கு இடம் வேண்டியிருப்பதால் பழைய பதிவு அழிக்கப்படுகிறது. இது வழக்கமே, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் மூலம் அழியும் அந்நாள் தொட்டு, அந்தத் தகடு படியாக இருந்த நிலை மாறித் தானே மூலமாகிவிடுகிறது. ஆகவே, மூலம் இருக்கும்போதே படியைச் சோதித்தறிதல் இன்றியமையாதது. அதற்கான வழி கடினமுமன்று, செலவுடையதுமன்று. அதனை ஈண்டு காண்போம்.

புள்ளியின் பெருமை

படியெடுப்பதில் பிழை நேர்வது இக்காலத்திற்கு மட்டும் உரிய குறையன்று. 'பாடினவன் பாட்டைக் கெடுத்தான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்னும் பழமொழி நம் முன்னோரின் பட்டறிவில் பிறந்ததே. பனையோலையில் எழுத்தாணியால் எழுதுங்கால், ஓலை கிழியுமென்று அஞ்சி மெய்யெழுத்தின் மேல் புள்ளியிடாமல் விடுவது வழக்கம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் ஏட்டில் தெளிவாக இராது. வாசிப்போர் தாமே உணர்ந்து பொருள் கொள்ளவேண்டும். ஒருவர் பிசகி உணர்ந்து படியெடுத்தால், அப்பிழை அடுத்த படிக்கும், அதற்கடுத்த படிக்கும் பரம்பரைச் சொத்தாய்ச் சென்று சேரும். இத்தடுமாற்றத்தைத் தீர்க்கும் எழுத்துச் சீர்திருத்தத்தோடு வீரமாமுனிவரின் பெயர் இணைத்துப் பேசப்படுவதை நாம் அறிவோம்.

ஓலையைக் காத்த பெரியோரும் ஒப்பிடுதலின் அருமையை உணர்ந்திருந்தனர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே ஏட்டை நம்பி அச்சுக்குக் கொடுக்கவில்லை. பல ஏட்டுப் படிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடுகளை ஆராய்ந்த பின்னரே பதிப்பித்தார். அவர் கையில் மூலம் இல்லை. படிகள் மட்டுமே இருந்தன. ஆதலால் அவ்வுழைப்பு மிகக் கடினமாயிற்று. நம் கையிலோ மூலமே இருக்கிறது. அது இருக்கும்போது ஒப்பிடுதல் எத்துணை எளிது!

நம் பகுதியிலிருந்து ஓசூர், பர்கூர் சிப்காட் ஆலைகளுக்குப் பணிக்குச் செல்லும் இளைஞர்கள் இதனை மற்றவரினும் நன்கு உணர்வர். கணிப்பொறியால் இயங்கும் சி.என்.சி. கடைசல் எந்திரத்திற்குக் கொடுக்கும் கட்டளைத் தொடரில் ஒரு தசமப் புள்ளி விடுபட்டுப்போனால், ஐம்பது மில்லிமீட்டர் என்பதைச் சில எந்திரங்கள் ஐம்பது மைக்ரான் என்று கொண்டுவிடும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். உலோகம் வீணாகும், சில வேளை கருவியும் முறியும். ஓலையில் விடுபட்ட புள்ளி பாட்டைக் கெடுத்தது. கட்டளைத் தொடரில் விடுபடும் புள்ளி இரும்பைக் கெடுக்கிறது.

தகட்டினுள் நடப்பது

வீட்டிலும் கடையிலும் எழுதப்படும் குறுந்தகட்டினுள் மெல்லிய சாயப்படலம் ஒன்று உண்டு. எழுதும் கருவியின் லேசர்க் கதிர் அப்படலத்தைச் சுட்டு, நுண்ணிய அடையாளங்களை வரிசையாகப் பதிக்கிறது. 'சிடி பர்ன் செய்வது' என்று கடைகளில் சொல்வது இச்சூட்டினை முன்னிட்டே. ஒரு டிவிடி 4.7 ஜிகாபைட் கொள்ளும். பிட் என்னும் மிகச் சிறு அலகில் கணக்கிட்டால், அது ஏறத்தாழ 3,760 கோடி அடையாளங்களின் செய்தியாகும். தூசு, கைரேகை, மலிவான தகட்டின் குறை, தேய்ந்த லேசர், அளவுக்கு மீறிய வேகம் ஆகியவற்றுள் எது குறுக்கிட்டாலும் சில அடையாளங்கள் பிசகலாம்.

இதனை எதிர்பார்த்தே அறிஞர்கள் காப்பு ஒன்றை அமைத்தனர். 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்னும் இரு கணித அறிஞர் வகுத்த முறையைத் தழுவி, 1982-இல் விற்பனைக்கு வந்த இசைத்தகட்டில் ஒவ்வொரு 24 பைட் செய்திக்கும் 8 பைட் துணைச்செய்தி சேர்க்கப்பட்டது. செய்தியும் தொடர்ச்சியாக எழுதப்படாமல் பரப்பிக் கலந்து எழுதப்படுகிறது. அதனால் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறல் விழுந்தாலும், இழந்த பகுதியைக் கருவி தானே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். கணிப்பொறிச் செய்தி கொண்ட தகட்டில் இதற்கும் மேலாக ஓர் அரண் உண்டு. 'செக்டார்' எனப்படும் ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட் செய்தியோடு, பிழை திருத்தத்திற்கென்றே இன்னும் 276 பைட் ஒதுக்கப்படுகிறது.

இக்காப்பு நமக்கு நன்மையே செய்கிறது. ஆயினும் அதில் ஒரு மறைவான ஆபத்தும் உண்டு. தகடு சிறிது சிறிதாகக் கெட்டுக்கொண்டிருந்தாலும், கருவி பிழைகளைத் திருத்தித் திருத்தி நமக்குக் குறையற்ற படத்தையே காட்டும். திருத்தும் வலிமை தீர்ந்த நாளில் படம் திடீரென உறைந்து நின்றுவிடும். 'போன ஆண்டு நன்றாக ஓடியதே' என்று வியக்கிறோம். ஓடியது உண்மை, நலமாக இருந்தது என்பது அதனால் உறுதியாகவில்லை.

இன்னொன்றும் நம் குடும்பங்கள் கருத்திற்கொள்ளத்தக்கது. பழைய திருமணப் பதிவுகள் பல 'விசிடி' முறையில் எழுதப்பட்டவை. அம்முறையில் ஒரு செக்டாரில் 2,324 பைட் படச்செய்தியை நிரப்புகிறார்கள். கூடுதல் இடம் எங்கிருந்து வந்தது? மேற்சொன்ன 276 பைட் அரணை நீக்கியதால் வந்தது. ஆகவே, வீட்டில் விசிடியும் டிவிடியும் இருந்தால் முதலில் காப்பாற்றப்படவேண்டியது விசிடியே.

எடையும் கைரேகையும்

சரி, படி மூலத்தோடு ஒக்கிறது என்பதை அறிவதெப்படி? பலரும் கோப்பின் அளவைப் பார்க்கிறார்கள். மூலம் இத்தனை மெகாபைட், படியும் அத்தனை மெகாபைட் என்றால் மனநிறைவு கொள்கிறார்கள். இது எடைமேடையை மட்டும் நம்புவதற்கு ஒப்பாகும். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைக்கு வரும் லாரி எடைமேடையில் ஏறினால், பத்து டன் என்பது தெரியும். உள்ளே இருப்பது பெங்களூராவா செந்தூராவா, நல்ல பழமா அழுகியதா என்பதை எடைமேடை சொல்லாது. அவ்வாறே, நடுவில் ஆயிரம் பைட்டுகள் சிதைந்திருந்தாலும் கோப்பின் அளவு மாறுவதில்லை.

படத்தை ஓட்டிப் பார்ப்பதும் போதாது. மூன்று மணி நேரப் பதிவின் தொடக்கத்தையும் இறுதியையும் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்கிறோம். நடுவே தாலி கட்டும் நேரத்தில் ஒரு சிதைவு இருந்தால் அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

வேண்டுவது கைரேகை போன்றதோர் அடையாளம். ஆதார் எண்ணில் இதன் எளிய வடிவம் உண்டு. அந்த 12 இலக்கங்களுள் கடைசி இலக்கம், முந்தைய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எழுதும்போது ஓர் இலக்கம் மாறினாலோ, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலோ, கணக்கு ஒவ்வாமற்போய்ப் பிழை வெளிப்படும். ஜாக்கோபஸ் வெர்ஹோஃப் என்னும் டச்சுக் கணித அறிஞர் 1969-இல் வெளியிட்ட முறை இது.

பெருங்கோப்புகளுக்கு இதனினும் பன்மடங்கு வலிய முறைகள் உள்ளன. 'ஹாஷ்' என்று அவற்றை வழங்குவர். நாம் சரிபார்ப்பு எண் எனலாம். 'ஷா-256' என்பது அவற்றுள் ஒன்று. எத்துணைப் பெரிய கோப்பாயினும் அதனை முதலிலிருந்து இறுதிவரை படித்துக் கணக்கிட்டு, எண்களும் 'ஏ' முதல் 'எஃப்' வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்த 64 குறிகளைத் தரும். மூலத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 குறிகளும் அடையாளம் தெரியாதவாறு மாறிவிடும். வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஆகவே, வெவ்வேறான இரு கோப்புகள் தற்செயலாக ஒரே எண்ணைப் பெறும் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

இதற்கெனப் புதிதாக எதுவும் வாங்கவேண்டியதில்லை. விண்டோஸ் கணிப்பொறியில் 'செர்ட்யூட்டில்' என்னும் கருவியும், லினக்ஸில் 'ஷா256சம்' என்னும் கருவியும் ஏற்கெனவே அமைந்துள்ளன. கல்லூரியில் கணிப்பொறி பயிலும் நம் வீட்டுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் இதனைச் செய்துகாட்டுவான்.

சோதிக்கும் முறை

தகட்டில் எழுதப்படவேண்டிய அனைத்தையும், அடுக்கு மாறாமல் ஒரே கோப்பாகத் திரட்டி வைத்திருப்பதை வட்டுப் படிமக் கோப்பு என்பர். கடைகளில் 'ஐ.எஸ்.ஓ. ஃபைல்' என்று சொல்வது இதனையே. சோதனை இதிலிருந்து தொடங்கவேண்டும்.

முதலாவது, படிமக் கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்க. இரண்டாவது, தகட்டை மிதமான வேகத்தில் எழுதுக. மூன்றாவது, எழுதி முடிந்ததும் தகட்டை வெளியே எடுத்து மீண்டும் உள்ளே வைக்க. இது வீண் சடங்கன்று. கணிப்பொறி சற்றுமுன் கையாண்ட செய்தியைத் தன் நினைவகத்தில் வைத்திருந்து, தகட்டைப் படியாமலே அதனைத் திருப்பிச் சொல்லக்கூடும். வெளியே எடுத்து வைத்தால் அது தகட்டையே படித்தாகவேண்டும். இயன்றால் வேறொரு கணிப்பொறியில் வைத்துப் படிப்பது இன்னும் சிறப்பு. எழுதிய கருவிக்கு மட்டுமே புரியும் தகடு நமக்குப் பயன்படாது. நான்காவது, தகட்டை முழுவதும் படித்து அதன் சரிபார்ப்பு எண்ணைப் பெற்று, தாளில் உள்ளதோடு ஒப்பிடுக.

எழுதும் மென்பொருள்கள் பலவற்றில் 'வெரிஃபை' என்றொரு கட்டம் உண்டு. அதனைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஒப்பீட்டைக் கணிப்பொறி தானே செய்யும். நேரம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பதால் அவசரத்தில் பலரும் அதனை விட்டுவிடுகிறார்கள். ஸ்டுடியோவில் தகட்டைப் பெறும்போது "வெரிஃபை செய்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

இங்கே ஓர் இடறுகல் உண்டு. எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தும், தகட்டின் எண்ணும் கோப்பின் எண்ணும் சில வேளை ஒவ்வாமற்போகும். உடனே தகடு கெட்டதென்று எறிந்துவிடலாகாது. எழுதும் கருவி, செய்தி முடிந்த பின்னர் வெற்றுப் பகுதிகள் சிலவற்றைக் கடைசியில் சேர்ப்பதுண்டு. டிவிடியில் 16 செக்டார்கள் ஒரு கட்டாக எழுதப்படுவதால், கடைசிக் கட்டு நிரம்பாவிடில் அது வெறுமையால் நிரப்பப்படும். கடிதத்தை எழுதி முடித்த பிறகு தாளில் எஞ்சிய வெற்றிடத்தையும் கடிதமாக எண்ணிக் கணக்கிட்டாற்போல், இந்த வாலையும் சேர்த்துக் கணக்கிட்டால் எண் மாறிவிடும்.

தீர்வு எளிது. படிமக் கோப்பின் அளவை 2,048-ஆல் வகுத்தால், மூலத்தில் எத்தனை செக்டார்கள் என்பது தெரியும். எடுத்துக்காட்டாக, கோப்பு 73,40,03,200 பைட் எனில் 3,58,400 செக்டார்கள். தகட்டிலிருந்தும் சரியாக அத்தனை செக்டார்களை மட்டும் படித்துக் கணக்கிட்டால், நல்ல தகடாயின் எண் ஒத்துவரும். கெட்ட தகடாயின் அப்போதும் ஒத்துவராது.

இவ்வளவு நுட்பம் வேண்டாமெனில், தகட்டினுள் உள்ள ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மூலத்தோடு ஒப்பிடலாம். புகைப்படங்களுக்கும் திருமணப் படங்களுக்கும் இதுவே போதும். ஆனால் கணிப்பொறிக்கு இயங்குதளம் நிறுவ உதவும் தகடாயின் முழுப் படிமத்தையும் ஒப்பிடவேண்டும். அதன் தொடக்கச் செய்தி தனிக் கோப்புகளுக்கு வெளியேயும் இருக்கும்.

கெட்ட மூலத்தின் நல்ல படி

இதுகாறும் தற்செயலாய் நேரும் பிழையைப் பற்றியே பேசினோம். வேண்டுமென்றே செய்யப்படும் வஞ்சகமும் உண்டு. 2016 பிப்ரவரி 20 அன்று, லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தின் இணையத்தளத்தில் அயலார் புகுந்து, படிமக் கோப்பைத் தரும் இணைப்பை மாற்றிவிட்டனர். அன்று அதன்வழி கோப்பைப் பெற்றவர்க்குத் தீய நிரல் கலந்த கோப்பே கிடைத்தது. அதனைத் தகட்டில் பிழையின்றி எழுதி, தாம் பெற்ற கோப்போடு ஒப்பிட்டிருந்தால், 'முற்றும் ஒக்கிறது' என்றே விடை வந்திருக்கும். நிறுவனம் உண்மையான சரிபார்ப்பு எண்களை வெளியிட்டு, அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு எச்சரித்த பின்னரே பயனாளர் நல்லதையும் தீயதையும் பிரித்தறிந்தனர்.

ஆகவே, ஒப்பீடு இருபடிகளாய் அமையவேண்டும். நாம் பெற்ற மூலம், அதனை உருவாக்கியவர் தந்த மூலமே தானா என்பது முதற்படி. நாம் எழுதிய படி அந்த மூலத்தோடு ஒக்குமா என்பது இரண்டாம் படி. கோப்பு வந்த வழியிலேயே எண்ணும் வந்திருந்தால், கோப்பை மாற்றியவன் எண்ணையும் மாற்றியிருக்கக்கூடும். நம்பத்தக்க வேறு வழியிலும் எண்ணைக் கேட்டறிவது அறிவுடைமை.

முறையைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 1992-இல் வெளிவந்த 'எம்.டி.5' நெடுங்காலம் வழக்கிலிருந்தது. சீன அறிஞர் வாங் சியாயுன் அம்மையாரும் குழுவினரும், ஒரே எம்.டி.5 எண்ணைத் தரும் இரு வெவ்வேறு செய்திகளை உருவாக்க இயலும் என்று 2004-இல் காட்டினர். 'ஷா-1' முறைக்கும் 2017-இல் அதே கதி நேர்ந்தது. தற்செயல் பிழையைக் கண்டுபிடிக்க அவை இன்றும் உதவும். வஞ்சகனைத் தடுக்க உதவா. ஷா-256-ஐப் பயன்படுத்துதலே நன்று.

நீதிமன்றம் கேட்கும் சான்று

வஞ்சகம் என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருவது இயல்பே. நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே குறுந்தகட்டுப் படிகளைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்ததுண்டு. 2011-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் ஏறநாடு தொகுதியில் தோல்வியுற்ற பி.வி. அன்வர், வெற்றிபெற்ற பி.கே. பஷீரின் தேர்தலை எதிர்த்து வழக்காடினார். பிரசாரத்தில் ஒலித்த பாடல்கள், அறிவிப்புகள், பேச்சுகள் ஆகியவற்றைப் பதிவு செய்து, கணிப்பொறியில் ஏற்றி, குறுந்தகடுகளில் எழுதி, அவற்றைச் சான்றாக முன்வைத்தார். 2014 செப்டம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமையால், அத்தகடுகளை ஏற்க இயலாது என்று கூறியது. தகட்டில் என்ன இருந்தது என்பதைவிட, அது எவ்வாறு உருவானது, மூலத்தின் மெய்ப்படிதானா என்பதே முதற்கேள்வியாயிற்று.

2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் அதே நீதிமன்றம் இந்நிலையை உறுதிசெய்தது. மூலப் பதிவு உள்ள கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. படியைக் காட்டினால் தேவை என்று விளக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில், மின்னணுப் பதிவின் ஹாஷ் எண்ணையும், அது எம்முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிக்கவேண்டும். கணிப்பொறி வல்லுநர் மட்டும் பேசிவந்த சரிபார்ப்பு எண், இன்று நாட்டின் சட்டப் படிவத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

'நமக்கும் நீதிமன்றத்திற்கும் என்ன தொடர்பு?' என்று எண்ணலாகாது. காவேரிப்பட்டணத்தையும் கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஒரு விபத்து நிகழ்கிறது என்று கொள்வோம். சாலையோரக் கடையின் கண்காணிப்புக் கேமரா அதனைப் பதிவு செய்திருக்கிறது. அக்கருவி சில நாள்களிலோ வாரங்களிலோ பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். அதற்குள் எடுக்கப்படும் படியே, உழைப்பாளியை இழந்த குடும்பத்தின் இழப்பீட்டுக்குத் துணையாகலாம். படியெடுத்த அன்றே, எடுத்தவர் முன்னிலையில், எண்ணைக் கணக்கிட்டு, நாளும் நேரமும் குறித்து, அவர் கையொப்பத்தோடு வாங்கிவைத்தால், 'இது பின்னர் மாற்றப்பட்டது' என்ற வாதத்திற்கு இடமிராது.

நாள் குறித்த படி

நாள் குறிப்பதன் தேவையைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வேறொரு வழியில் ஏற்கெனவே அறிந்திருக்கின்றன. திருமணத்திற்குத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்கும்போது, பழைய சான்றிதழைக் கொண்டுவந்தால் பங்குத்தந்தை ஏற்பதில்லை. ஆறு மாதங்களுக்குள் பெற்றதையே கேட்பார். 'திருமுழுக்கு மாறிவிடுமா?' என்று சிலர் வருந்துவதுண்டு. திருமுழுக்கு மாறாது, பதிவேடு மாறும். உறுதிபூசுதலும் திருமணமும் அப்பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்படுகின்றன. முன்னாளில் எடுத்த படி அந்நாளைய மூலத்தோடு ஒத்ததே. இன்றைய மூலத்தோடு ஒக்கும் என்று சொல்வதற்கில்லை.

கணிப்பொறிக் கோப்பும் அத்தகையதே. எண்ணைக் கணக்கிட்ட பிறகு மூலத்தில் ஒரு பெயரைத் திருத்தினாலும், பழைய எண்ணும் பழைய தகடும் பழைய மூலத்திற்கே சாட்சி. பழம்பெரும் பதிவேடுகளை ஒளிவருடிப் பாதுகாக்கும் பங்குகள் இதனை நினைவிற்கொள்க. கறையான் தின்னும் தாளைக் காக்க எடுக்கும் படத்தொகுப்பே சிதைந்துபோனால், காத்தவர் என்ற பெயர் நமக்கு எப்படிப் பொருந்தும்? வேலை முற்றும் முடிந்த பின்னர் எண்ணைக் கணக்கிட்டு, நாள் குறித்து, அச்சிட்ட தாளில் பதிவேட்டோடு சேர்த்து வைத்தலே முறை.

இன்று செய்யத்தக்கவை

குறுந்தகட்டின் காலம் மறைந்துவருகிறது. மலிவு விலையில் தமிழ்த் திரைப்படத் தகடுகளை வீடுதோறும் சேர்த்த மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் ஆணையிடப்பட்டது. எழுதத்தக்க புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது. புதிய மடிக்கணினிகளில் தகடு செருகும் வாயே காணப்படுவதில்லை. ஆகவே, வீட்டிலுள்ள தகடுகளைப் படிக்கும் கருவி கிடைக்கும்போதே, அவற்றைப் படித்து வேறிடத்தில் சேமித்தல் வேண்டும். பென்டிரைவாயினும், வெளி ஹார்டு டிஸ்க்காயினும் மேற்சொன்ன விதி மாறுவதில்லை: எழுதுக, எடுத்து மீண்டும் பொருத்துக, திரும்பப் படித்து ஒப்பிடுக.

தகடுகளை வெயில்படும் இடத்திலும், சூடேறும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் வைக்கலாகாது. சாயப்படலம் ஒளியையும் வெப்பத்தையும் தாங்காது. சிடியின் மேற்புறத்தில் பந்துமுனைப் பேனாவால் பெயரெழுதுதலும் தீது. செய்தி இருப்பது அடிப்பக்கத்தில் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது மேற்பூச்சுக்கு நேர் கீழேயே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைக் கருவி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மேற்பக்கக் கீறலோ செய்தியையே சுரண்டி எடுத்துவிடும்.

ஒரே படியை நம்பாது இரண்டு படிகள் வைத்து, ஒன்றை வேறு வீட்டில், மணமான மகளிடமோ தம்பியிடமோ கொடுத்து வைக்கலாம். சரிபார்ப்பு எண்ணையும் நாளையும் எழுதிய தாளை இரண்டோடும் சேர்த்து வைக்கவேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும் நாளில், ஆண்டுக்கொருமுறை அவற்றைப் படித்து எண்ணை ஒப்பிட்டால், ஒன்று கெடத் தொடங்கியதை மற்றொன்று நலமாக இருக்கும்போதே அறிந்து புதுப்படி எடுத்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு மணி நேரம் இதற்குப் போதும்.

ஸ்டுடியோவிலிருந்து "அழித்துவிடலாமா?" என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புக்கு இனி உடனே 'ஆம்' என்று சொல்லிவிடவேண்டாம். "இரண்டு நாள் பொறுங்கள், ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறோம்" என்போம். போய்ச் சேர்ந்தவரின் குரலை மீண்டும் பதிவு செய்ய எவராலும் இயலாது. இருப்பதை அந்த இரண்டு நாளில் ஒப்பிட்டுப் பார்ப்பது நம் ஒவ்வொருவராலும் இயலும்.